மயிலை கடித்த பாட்டில்

எங்கள் மாட்டுக் கொட்டகையின் நடுக்கம்பத்தில், கழுத்தில் சணல் கயிறு கட்டி, ஒரு ஒயின் பாட்டில் தொங்கும். ஒயின் என்றதும் யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு தேற, ரத்தம் ஊற என்று மருந்துக்கடையிலேயே விற்ற திராட்சை ஒயின் அது. எழுபதுகளில் குன்னம் பக்கம் ஓரளவு கையில் காசுள்ள வீட்டில் பிரசவம் என்றால், தாய்வீட்டுச் சாமான்களோடு அந்த பாட்டிலும் வந்து இறங்கும். லேபிளில் ஒரு திராட்சைக் குலை, அதற்குக் கீழே ஒரு குண்டுக் குழந்தை. காலையில் ஒரு சின்ன டம்ளர், மாலையில் ஒன்று. சாராயத்துக்குத் தடை இருந்த காலம் என்பதால் வீட்டு ஆண்கள் அந்தக் குண்டுக் குழந்தையைப் பார்க்கிற பார்வையே தனி. நாங்கள் அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்போம்.

உள்ளே இருந்தது தீர்ந்த பிறகுதான் பாட்டிலுக்கு உண்மையான வேலை தொடங்கும். மாட்டுக்கு மருந்து ஊற்ற அதைவிடத் தோதான சாமான் கிடையாது. அதற்கு முன்னால் மூங்கில் குழாய் வைத்திருந்தார்கள். அது பூச்சி அரித்துப் போகும், வெயிலில் வெடிக்கும். இந்த பாட்டிலோ அடியிலிருந்து கழுத்துவரை கெட்டிக் கண்ணாடி. கைதவறி வாசற்கல்லில் விழுந்து ஒருமுறை உருண்டு போனது, சின்னக் கீறல் கூட இல்லை. எங்கள் ஊரில் மாடு வைத்திருந்த முக்கால்வாசி வீட்டில் அந்தக் குண்டுக் குழந்தை தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் கொட்டகைக்கு ஒரு பாட்டில் வரும் என்பது ஊர்க்கணக்கு.

எங்கள் வீட்டில் மருந்து ஊற்றுகிறவள் அக்கா. அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை, என் கணவரின் அண்ணன் மனைவியை. உடன்பிறந்தவர்களைப்போல் இருந்தோம் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அடுப்படியில் எங்களுக்குள் தினம் ஒரு உரசல். நான் பத்தாவது படித்தவள் என்பதில் எனக்கு ஒரு மிதப்பு. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள் என்பதில் அவளுக்கு ஒரு வீம்பு. ஆனால் கொட்டகைக்குள் போய்விட்டால் நான் அவளிடம் வாய் திறக்க மாட்டேன். மாட்டின் வாயோரத்தில், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே, பல் இல்லாத ஒரு இடம் உண்டு. அதில் பாட்டில் கழுத்தை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பாள். "குடிச்சுக்கடா ராசா, ஆச்சு, இந்தா ஆச்சு" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். சில மாடு பாட்டிலைக் கடைவாய்க்குத் தள்ளி நறநறவென்று கடிக்கும். அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசும். பாட்டிலுக்கு ஒன்றும் ஆகாது.

வண்டிக்கும் ஏருக்கும் எங்களிடம் இருந்தது ஒரே ஜோடி மாடு. மயிலை, செவலை. இரண்டும் அக்காவின் தாய்வீட்டிலிருந்து கன்றுக்குட்டிகளாக அவள் பின்னால் நடந்து வந்தவை. மானாவாரிக் காடு எங்களுடையது. மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழுது பருத்தி ஊன்றினால்தான் அந்த வருஷத்துச் சோறு. அந்த ஜோடி படுத்தால் வீடு படுத்தது என்றுதான் அர்த்தம்.

எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது என் தம்பி பெரம்பலூரில் அதே ஒயினை வாங்கிக் கொடுத்தான். அதே திராட்சைக் குலை, அதே குழந்தை, பாட்டில் உருவமும் அதேதான். அக்கா அதைக் கையில் வாங்கியதும் நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னடி இது, காத்தாட்டம் இருக்கு? கம்பெனிக்காரன் கொறைச்சுப்புட்டானா?"

யாரும் தன்னை ஏமாற்றிவிடக் கூடாது என்பதில் அக்கா கெட்டி. நான் குடித்துத் தீர்க்கும்வரை காத்திருந்து, கம்பத்திலிருந்த பழைய பாட்டிலை எடுத்து வந்தாள். அதில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, ஒரு சொட்டுச் சிந்தாமல் புது பாட்டிலில் ஊற்றினாள். சரியாகக் கழுத்துவரை வந்து நின்றது. "பரவால்ல, ஏமாத்தல" என்று திருப்தியாகச் சிரித்தாள். உள்ளே பிடிக்கிற அளவு குறையவில்லை என்றால் குறைந்தது கண்ணாடிதான் என்பது எங்கள் இருவர் கண்ணுக்கும் முன்னால்தான் இருந்தது. அளவு சரியாக இருந்துவிட்டது, அதற்குமேல் எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் திருமானூரிலிருந்து வந்த அக்காவின் அத்தைமகள், தன் பசுவுக்கு மருந்து ஊற்றப் பாட்டில் இல்லை என்றாள். அக்கா பழையதைக் கொடுத்தனுப்பிவிட்டுப் புதியதைக் கம்பத்தில் தொங்கவிட்டாள்.

புரட்டாசியில் ஒரு காலை. முந்தின நாள் மழையில் நனைந்த கடலைக்கொடியை, கட்டறுத்துக்கொண்டுபோய், மயிலை வயிறு முட்டத் தின்றுவிட்டிருந்தது. நாங்கள் பார்க்கும்போது இடப்பக்க வயிறு ஊதி, மூச்சுக்குத் திணறிக்கொண்டு நின்றது. இது ஊரில் நடக்காத சங்கதி இல்லை. அக்கா பதறவில்லை. வேப்பெண்ணெயில் இஞ்சியும் பூண்டும் தட்டிப்போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றிக்கொண்டாள். அக்காவின் கணவர், என் மூத்தார், மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைத் தூக்கிக்கொடுத்தார். பாதி எண்ணெய் உள்ளே போயிருக்கும். மயிலை வழக்கம்போல் பாட்டிலைக் கடைவாய்க்குத் தள்ளிக் கடித்தது. நறநறவென்ற சத்தம் வரவில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முழங்கைவரை மாட்டின் வாய்க்குள் விட்டாள். அவள் கை ரத்தமா மாட்டு வாய் ரத்தமா என்று தெரியவில்லை. "வுடாதீங்க, தலைய வுடாதீங்க" என்று புருஷனிடம் கத்திக்கொண்டே ஒவ்வொரு சில்லாக வெளியே எடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் கழுவி, முறத்தில் போட்டு, தரையில் உட்கார்ந்து ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்த்தாள். கழுத்து சேர்ந்தது, தோள் சேர்ந்தது. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சில் இல்லை. கொட்டகைத் தரையை நாங்கள் கையால் தடவித் தேடினோம். கூளத்தைச் சலித்தோம். அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் தேடிக்கொண்டுதான் இருந்தோம்.

இதில் கொடுமை என்னவென்றால், உள்ளே போன பாதி எண்ணெய் தன் வேலையைச் செய்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வயிறு வடிந்தது. மறுநாள் மயிலை வைக்கோலைக் கடித்தது. பெரம்பலூரிலிருந்து வந்த மாட்டு டாக்டர் நல்ல மனுஷன். ரொம்ப நேரம் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். சாணத்தோடு போய்விடலாம், போகாமலும் இருக்கலாம் என்றார். அக்கா கேட்டாள்: "நாங்க என்ன சார் பண்ணணும்?" அவர் கைகழுவிக்கொண்டே, "பாக்கணும்மா" என்றார்.

பார்த்தோம். அது ஒன்றுதான் எங்களால் முடிந்தது. அக்கா தினம் சாணத்தைக் கையால் பிசைந்து பார்த்தாள். மூத்தார் கொட்டகைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சில நாள் கழித்து மயிலை தீனியில் வாய் வைக்கவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. படுத்தால் எழ முடியவில்லை. செவலை பக்கத்தில் நின்று அதன் காதை நக்கிக்கொண்டே இருக்கும். காட்டில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. ஊரே ஏர் பூட்டிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர் இருந்தும், ஒரு மாட்டின் வயிற்றுக்குள் கிடந்த இரண்டு விரல் கண்ணாடியை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மயிலை ஒரு மத்தியானம் அக்காவின் மடிமேல் தலையை வைத்தபடியே போய்விட்டது. பக்கத்து வீட்டு ஏர் ஓய்ந்த பிறகு அதை இரவல் வாங்கிப் பருத்தி ஊன்றினோம், பாதிக்குமேல் முளைக்கவில்லை. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செவலையைத் தரகர் ஓட்டிப்போனபோது அக்கா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

பிறகு ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறினாள். மஞ்சள் பைக்குள் உடைந்த பாட்டில் கழுத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். சண்டை போடப் போகிறாள் என்றே நினைத்தேன். மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பழைய பாட்டில் ரொம்ப கனம்மா. லாரி வாடகை கட்டுப்படி ஆகலைன்னு கம்பெனியில கண்ணாடிய மெலிசாக்கிட்டாங்க. மருந்து அதே மருந்துதான்" என்றார். பிறகு தயங்கி, "மாட்டு வாயில வுடுறதுக்குன்னா அவங்க பாட்டில் பண்றாங்க? நீங்களே சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. கம்பெனிமேலும் தப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. யாராவது ஒரு ஆள் அயோக்கியனாக இருந்திருந்தால் அவன் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு வந்திருப்போம். அக்கா அந்தக் கழுத்தைத் திரும்பவும் துணியில் சுற்றினாள்.

"மெலிசாவே பண்ணட்டுங்க. மாட்டுக்கு ஆவாதுன்னு மேல ஒட்டுற அந்தக் காயிதத்துல ஒரு வரி போடச் சொல்லுங்க. அது போதும்" என்றாள்.

"கம்பெனி ஆளு வந்தா சொல்றேம்மா" என்றார் அவர். சொன்னாரோ இல்லையோ தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில், "மாடு வச்சிருக்கறவங்கள்ல எத்தனை பேருக்குக்கா படிக்கத் தெரியும்?" என்று கேட்டேன். என் பத்தாவது வகுப்பு மிதப்பு எங்கே போகும்? அவள் கோபப்படவில்லை. "வூட்டுக்கு ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும்டி. நம்ம வூட்ல நீ இருக்கல்ல" என்றாள்.

அதன்பிறகு ஊரில் எந்தப் பிள்ளைப்பேற்று வீட்டுக்கு அந்த பாட்டில் வந்தாலும் அக்கா என்னைக் கையோடு இழுத்துப் போவாள். பிள்ளையைக்கூட அப்புறம்தான் பார்ப்பாள். "படி. கடைசி வரைக்கும் படி" என்பாள். திராட்சைச் சாறு, அளவு, வேளைக்கு எவ்வளவு, குளிர்ந்த இடத்தில் வைக்கவும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். நான் படித்து முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். "இல்லக்கா" என்பேன். அந்த வீட்டுக்காரர்களிடம், இதை மாட்டுக்கு மட்டும் எடுக்காதீர்கள் என்று வாயால் சொல்லிவிட்டு வருவாள். அடுத்த ஊரில் எங்களுக்குத் தெரியாமல் எத்தனை பாட்டில் இறங்கியதோ.

அக்கா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. நான் இப்போது திருச்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் மகனின் சிநேகிதர் வெளிநாட்டிலிருந்து ஒரு ஒயின் பாட்டில் கொண்டுவந்தார். கண்ணாடியின் எடையைக் குறைத்திருக்கிறோம், அதனால் உலகத்துக்கு இவ்வளவு நன்மை என்று அதிலேயே பெருமையாக அச்சடித்திருக்கிறது என்று மருமகள் காட்டினாள். நல்லதாகத்தான் இருக்கும். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும்.

"கடைசி வரைக்கும் படிம்மா" என்றேன்.

படித்தாள். கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. காலி பாட்டிலைக் கண்டபடி வீசக் கூடாது.

"அவ்ளோதான் அத்தை."

"வேற ஒண்ணும் போடலியா?"

"வேற என்ன போடணும்?" என்று சிரித்தாள்.

சொல்ல வாயெடுத்தேன். பத்தாவது மாடியில் இருக்கிறோம், மாடு எங்கே இருக்கிறது? பாட்டில் காலியானதும் நான்தான் கழுவினேன். அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். காற்றாகத்தான் இருந்தது.

"இல்லக்கா" என்றேன், வாய்விட்டே.