பெயருக்கு முன்னால் வித்வான்

மெஹபூப் பாஷாவிடம் பத்தொன்பது வயதில் நாற்பத்து மூன்று பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. சினிமாக் கொட்டகை வாசலில் விற்பவை. கதைச் சுருக்கமும் பாட்டுகளும் இருக்கும். 1946 ஜூன் மாதம் அவர் அவற்றைப் படிக்கவில்லை. எண்ணினார்.

விண்ணப்பிக்கச் சனிக்கிழமை கடைசி நாள். அவருடைய பாவா, அதாவது அப்பா, அன்வர் பாஷா மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் வக்கீல்களுக்குக் கோட்டு தைப்பவர். வீட்டில் உருதுதான் பேச்சு.

"ஒரு பட்டம் வாங்கு. எதுன்னு நீயே முடிவு பண்ணு. நடுவில மாத்தினா அப்புறம் தையல் மிஷின்தான்" என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் யோசித்து, "பட்டத்தைப் பேருக்கு முன்னாடி போடுவாங்களா, பின்னாடியா?" என்றும் கேட்டார்.

மகனுக்கு வேண்டியது சினிமாவுக்குப் பாட்டெழுதுவது. அதற்கு எதைப் படிக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கையில் மூன்று விண்ணப்பங்கள். தமிழ் வித்வான். இன்டர்மீடியட், அதற்குப் பிறகு பி.ஏ. சங்கீத டிப்ளமா. ஆகவே பாட்டுப் புத்தகங்களில் பாட்டெழுதியவர் பெயரோடு என்ன பட்டம் அச்சாகியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். வித்வான் பத்தொன்பது. சங்கீதப் பட்டம் ஆறு. பி.ஏ. நான்கு. வெறும் பெயர் பதினாலு.

ஐம்பது வருஷம் கழித்து, கிழவராகி மூச்சு வாங்க வாங்க இதைச் சொன்னபோதும் அந்த எண்கள் மாறவில்லை.

சிநேகிதன் சுயம்புலிங்கம் தியாகராய நகரில் சித்தப்பாவின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டே கேட்டான்.

"ஏல, ஒண்ணும் படிக்காதவன் பதினாலு பேரு இருக்கான்லா? அந்த காலேஜ் எங்க இருக்குன்னு விசாரி. நானும் சேருதேன்."

"வெளயாடாத. வித்வான்தான் அதிகம். அதான் சரி."

"பெறவு எதுக்குல மூஞ்சி இப்படி இருக்கு?"

மெஹபூப் பாஷா பத்தொன்பது வித்வான்களில் ஒருவரையாவது நேரில் கேட்டுவிடுவது என்று வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சைக்கிளை எடுத்தார். கோடம்பாக்கத்தில் ஒரு படக் கம்பெனி. மாடியில் பாய் விரித்து, பனியனோடு உட்கார்ந்திருந்தார் வித்வான் அய்யாதுரை. பக்கத்தில் கிராமபோன். இந்திப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் மெட்டில் தமிழில் எழுத வேண்டும், அதுதான் வேலை.

"வித்வான் பரீட்சை கஷ்டமா சார்?"

"யாருக்குத் தெரியும் நைனா? நான் அச்சாபீஸ்ல எழுத்துக் கோத்துக்கினு இருந்தவன். பதினோரு வருசம். என் மொதப் பாட்டு வந்த புஸ்தகத்தை நாந்தான் கோத்தேன். நாயகி பேரு இம்மா நீளம், என் பேரு இத்தினி. வரி நெறையல. போர்மேன் 'வித்வான்'னு ஒண்ணு சொருவுன்னான். சொருவிட்டேன்."

"அப்போ மத்தவங்க?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? இந்தக் கம்பெனியில பாட்டெழுதுற ஒரு பி.ஏ. மட்டும் நெசம். மொதலாளி மாப்ளே அவன்."

மெஹபூப் பாஷா போட்ட கணக்கு அங்கேயே கவிழ்ந்தது. எழுந்திருக்கப் போனவரை அய்யாதுரை பிடித்து உட்காரவைத்தார்.

"பாய் வூட்டுப் பிள்ளைதானே? இந்தப் பாட்டு இன்னா சொல்லுது, சொல்லிட்டுப் போ."

"புருஷன் ஊரை விட்டுப் போயிட்டான். அவன் குடிச்ச டம்ளரைக் கழுவ மனசில்லாம வெச்சிருக்கேன்னு அழறா."

"அடப்பாவி! நாலு நாளா நந்தவனத்துல வண்டைப் பறக்கவுட்டுக்கினு கீறேன்." அய்யாதுரை காகிதத்தைக் கசக்கி எறிந்தார். "சரி, நீ சொன்னதையே தமிழ்ல சொல்லு. மெட்டுல ஒக்காரணும்."

மெஹபூப் பாஷாவுக்கு அர்த்தம் தெரியும். மெட்டு காதில் இருந்தது. ஒரு மணி நேரம் முயன்றார். ஒரு வரி மெட்டுக்கு வெளியே வழிந்தது. இன்னொன்று பாதியில் தீர்ந்தது. மூன்றாவது, கடையில் சாமான் கேட்பதுபோல இருந்தது. அய்யாதுரை வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்குள் முதல் அடியைப் பாடிவிட்டார். டம்ளர் இருந்தது, அழுகை இருந்தது, மெட்டுக்கு வெளியே மிச்சம் எதுவும் இல்லை.

"எங்கேருந்து சார் வருது?"

"பதினோரு வருசம் எல்லாப் புஸ்தகமும் இந்தக் கை வழியா போச்சு. அதுவா இருக்கும். இல்லாமலும் இருக்கும்." பிறகு அக்கறையாக, "உனுக்கு உருது தெரியுதே, அதுல ஏதோ பட்டம் கீதாமே. அதைப் படி. மெட்டெல்லாம் அங்கேருந்துதான் வருது" என்றார்.

மூன்று விண்ணப்பங்களோடு போனவர் வழியில் உருதுப் பட்டத்துக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு நான்கோடு திரும்பினார். அன்று இரவு நான்கையும் பூர்த்தி செய்தார். எதையும் கிழிக்கவில்லை.

சனிக்கிழமை விண்ணப்பம் வாங்கும் ஆபீஸில் ஜன்னலுக்கு ஜன்னல் வரிசை. எப்படியோ தமிழ் வித்வான் வரிசையில் வந்து நின்றார். அவருக்கு வராதது தமிழ்தான். நான்கு வருஷம் இலக்கணம் படித்தால் வருமா என்று சொல்ல ஆளில்லை. முறை வந்ததும் குமாஸ்தா பெயரைப் பார்த்தார்.

"தப்பான வரிசையில நிக்கறீங்க பாய். உருது அந்தப் பக்கம்."

அந்த வரிசையில் நாலே பேர். நியாயமாகத்தான் பட்டது. கால் நகர்ந்துவிட்டது. நாலடி போனபின் முந்தின நாள் மெட்டில் உட்காராத அந்த மூன்று வரிகள் ஞாபகம் வந்தன. நின்றார். திரும்பினார்.

அதற்குள் அவர் இடத்தில் வேறொருவர் விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இருபது பேருக்கு மேல். ஜன்னல் மூட முக்கால் மணி இருந்தது.

மெஹபூப் பாஷா தமிழ் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.