நாலு மில்லி மேடு

கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் அச்சு வரைகிறவருக்கு ‘அரை பாட்டில்’ என்று பெயர். ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனிதர். காகிதத்தில் எப்போதும் பாட்டிலின் ஒரு பாதியை மட்டுமே வரைவார். நடுக்கோட்டைச் சுற்றி அதைச் சுழற்றினால் முழுப் பாட்டில் வந்துவிடும். அப்புறம் அடியிலிருந்து கழுத்துவரை மெல்லிய வட்டங்களாகச் சீவி, ஒவ்வொன்றின் ஆரத்தையும் வர்க்கமாக்கி, பை (π) மதிப்பாலும் வட்டத்தின் தடிமனாலும் பெருக்கி, தொகையிடுவார். எவ்வளவு மருந்து பிடிக்கும் என்று தெரிந்துவிடும்.

இன்று காலை பல் தேய்க்கும்போதே அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாட்டிலின் அடிப்பக்கம் உள்ளே மேடிட்டிருக்கும். அந்த மேடு நாலு மில்லி. மொத்தத்தில் கழிக்க வேண்டும். கணக்குப் போட்ட அன்று மாலை கழித்தது ஞாபகமிருந்தது. மறுநாள் காலை கழித்ததும் ஞாபகமிருந்தது. இரண்டு தடவை கழித்திருந்தால், குறைகிறதே என்று பாட்டிலை அகலமாக வரைந்திருப்பார். இரும்பு அச்சைக் கடைந்து பெரிதாக்கலாம். பெரிதானதைச் சிறிதாக்க வழியில்லை. போன வருடம் ஓர் அச்சு அப்படித்தான் குப்பைக்குப் போனது. “இன்னொன்னு போச்சுன்னா நீங்களும் கூடவே போயிடுங்க” என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

கணக்குத் தாள்கள் இரண்டும் மேனேஜரின் பூட்டிய அலமாரியில். புது அச்சில் வார்த்த முதல் பாட்டில் சூளையில் மெதுவாக ஆறிக்கொண்டிருந்தது.

“என்ன மாமா, பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?” என்றான் மச்சினன். அச்சுகளைக் கடைகிறவன் அவன்தான்.

“ரெண்டு தடவை கழிச்சுட்டேன்டா. அக்காகிட்ட சொல்லித் தொலைக்காதே.”

“அவதான் காலைல போன் போட்டா. மனுஷன் பேஸ்ட்டைச் சீப்புல வச்சுட்டுப் போறாரு, என்னன்னு பாருன்னு.”

பாட்டில் வந்தது. தராசில் வைத்து, முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, வாய் தளும்பத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம்; நூற்றுப்பத்து கிராம் வர வேண்டும். நூற்றுப்பதினாலு வந்தால் அவ்வளவுதான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நூத்தியாறு” என்றான் மச்சினன்.

“நல்லாப் பாரு.”

“நூத்தியாறுதான். குறைஞ்சதுக்குச் சிரிக்கிற ஆளை இப்பதான் பாக்கிறேன்.”

மேனேஜர் தாள்களை எடுத்துவந்தார். இரண்டிலும் மேட்டின் கணக்கு ஓரமாக, கட்டம் கட்டி, கழித்தல் குறியோடு அழகாக நின்றது. இரண்டிலுமே மொத்தத்துக்குள் அதைக் கொண்டுவரவேயில்லை.

“கடைஞ்சு சரிபண்ணுங்க. இதுதான் கடைசி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எவ்வளவு கடைவது என்று அவர் மறுபடி அடியிலிருந்து தொகையிட்டார். இனி மயிரிழை கூடினாலும் இரும்பு திரும்பி வராது.

“டேய், மேட்டைக் கழிச்சேனா?”

“கழிச்சீங்க.”

“எங்கே, விரலை வச்சுக் காட்டு.”

மச்சினன் எண்ணெய் விரலை மொத்தத்தின்மேல் அழுத்தினான். அந்தக் கறையை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான், “சரி, லேத்தை ஓட்டு” என்றார்.