பங்குக் கிணற்றுப் பாட்டு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதை நானே சொல்லாவிட்டால் நீர்வேலியில் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

ஆசிரியப் பயிற்சிக்குப் போகவேண்டும் என்றேன். என்னைப் பெற்ற ஐயா முடிவு சொல்லவில்லை. அவருடைய தம்பி, என் குஞ்சியப்பு, ஓயாமல் ஓதினார்: "அண்ணை, உவள் இவ்வளவு படிச்சு என்னத்தைக் கண்டவள்?"

என் பதில், நானே கம்பி சுற்றிச் செய்த ஒரு ரேடியோப் பெட்டி. விஞ்ஞான ரீச்சர் ஒரு பளபளப்பான கல்லும் காதுக்குழலும் இரவல் தந்தார். பற்றறி இல்லை, கறண்ட் இல்லை. வானத்தில் சும்மா திரியும் அலையின் பலத்திலேயே அது பாடவேண்டும்.

"காத்திலை பாட்டுப் பிடிக்கப் போறாவாம்! பாட்டுமில்லை, கூத்துமில்லை. வலை கொண்டு வரட்டோ?" என்றார் குஞ்சியப்பு, நான் கம்பி கட்டப் புறப்பட்ட காலையில்.

"பாடினால் பயிற்சிக்குப் போ. பாடாட்டி படிச்சது காணும், வீட்டிலை இரு," என்றார் ஐயா.

இரண்டு பனைகளுக்கு நடுவே நீளக் கம்பி கட்டினேன். இன்னொரு கம்பி ஈர நிலத்துக்குள் இறங்கவேண்டும் என்றது புத்தகம். அந்த வெயில் மாதத்தில் எங்கள் வளவில் ஈரம் இருந்த ஒரே இடம் கிணறு. அதற்குள் விட்டேன். அது பங்குக் கிணறு. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் குஞ்சியப்புவின் முறை. அன்று அவருடைய முறை என்பதைப் புத்தகம் சொல்லவில்லை.

விளக்கு வைக்கும் நேரம். கல்லின்மேல் ஊசியை மெல்ல நகர்த்தினேன். கடலுக்கு அப்பாலிருந்து ஒரு நாதஸ்வரம், காதோரம் ரீங்கரிக்கும் நுளம்பின் சத்தத்தில் வந்தது.

"ஐயா, ஓடி வாங்கோ!"

குஞ்சியப்புதான் முதலில் வந்தார். "ஆரைக் கேட்டு என்ரை முறையிலை கம்பி விட்டனீ?"

"தண்ணி எடுக்கேல்லை, குஞ்சியப்பு. கம்பி சும்மா நனையுது."

"நனைஞ்சாலும் என்ரை தண்ணி. கிணத்தாலை வாற பாட்டு இண்டைக்கு எனக்குத்தான். கொண்டா உந்தக் காதுக்குழலை!"

காலையில் இல்லாத பாட்டுக்கு மாலையில் பங்கு கேட்டார். குழலைக் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை என்று அவர் ஒரு பொய் சொன்னால் என் கதை முடிந்தது.

அவர் வாயைத் திறந்தார். மூடவில்லை. கால்விரல் மண்ணில் தாளம் போடத் தொடங்கியது.

"என்னடா, கேக்குதோ?" என்றபடி வந்தார் ஐயா. "கொண்டா, நானும் கேப்பம்."

"பொறுங்கோ அண்ணை! நாளைக்குத்தான் உங்கடை முறை."

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எப்ப போகோணும் நீ?"

நான் சொல்ல வாயெடுத்தேன்.

"கதையாதேங்கோ!" என்று அதட்டினார் குஞ்சியப்பு. "தவில் வருது!"