மூன்றாம் மாடிக்குக் கீழே நின்ற வண்டி

கண்ணாடி டீச்சருக்கு அபராதம் வந்திருக்கிறது என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் யாரும் நம்பமாட்டார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் அவர். ஏறி உட்கார்ந்ததிலிருந்து இறங்கும்வரை "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்று காதைக் குடைந்தெடுப்பதால் வந்த பெயர் அது. முதலில் அப்படிக் கூப்பிட்ட பையன் யாரென்று டீச்சருக்குத் தெரியும். அவனுக்கு மட்டும் ரிவர்ஸ் எடுக்கும் பயிற்சி ஒரு வாரம் கூடுதலாக நடந்தது.

ஓட்டுகிறவர்களில் இரண்டு ஜாதி என்பார் டீச்சர். இன்ஜினை அணைத்துவிட்டு நோ பார்க்கிங் போர்டைப் பார்ப்பவன், போர்டைப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைப்பவன். முதல் ஜாதி உருப்படாது. ஸ்கூலின் முன்பக்கக் கண்ணாடிக் கதவில், 'இதுவரை ஒரு அபராதம்கூடக் கட்டாத ஆசிரியை' என்று மகள் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருந்தாள். அம்மா ஓட்டக் கற்றுக் கொடுப்பார், மகள் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்வாள். அந்த வாசகத்தைப் பார்த்தே சேர்ந்தவர்கள் நிறையப் பேர். அதனால் தபாலில் வந்த அபராத நோட்டீஸைப் பிரித்த மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, இதென்ன கூத்து? உனக்கா ஃபைன்?"

டீச்சர் வாங்கிப் பார்த்தார். கம்பத்து கேமரா எடுத்த படம். வண்டியின் பின்பக்கம், கூரைமேல் ஸ்கூலின் மஞ்சள் பலகை, நம்பர் எல்லாம் பளிச்சென்று இருந்தன. கீழே 'தடைசெய்த இடத்தில் நிறுத்தம்' என்ற குற்றமும், தெருவின் பெயரும் தேதியும். டீச்சரின் கண் தேதியிலேயே நின்றது. அதற்குள் மகளும் அதையேதான் பார்த்திருந்தாள்.

"மாமா தவறின தேதி இல்ல இது? அவர் வீட்டுக்குக் கீழேயேவா நின்னுக்கிட்டு இருந்த?"

"கிளாஸ் இருந்துச்சு," என்றார் டீச்சர். "புதுசா வந்தவன். தடுமாறினான், ஓரங்கட்டச் சொன்னேன்."

"ஐயோ, பாவம்மா நீ. மேல அவர் அந்த நிலைமையில இருக்கார்னு தெரியாம, கீழ கிளாஸ் எடுத்துக்கிட்டு..." மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பொய்க்குக் கிடைத்த அந்த ஆறுதலை எங்கே வைத்துக்கொள்வது என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

கிளாஸும் இல்லை, புதுசா வந்தவனும் இல்லை. அன்று மதியம் வரவேண்டிய பையன் காய்ச்சல் என்று சொல்லிவிட்டான். டீச்சர் காலி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று யோசிக்காமலே அண்ணன் வீட்டுக்குக் கீழே போய் நின்றார். மூன்றாவது மாடியில் அண்ணன் படுக்கையில் இருந்தார். "ரொம்ப முடியல, ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போம்மா," என்று அண்ணி இரண்டு முறை போன் செய்திருந்தார். "பாக்கலாம் அண்ணி," என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார் டீச்சர்.

அண்ணனும் தங்கையும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர்கள் அம்மா போன அன்று டீச்சர் ஒரு பெண்ணை லைசென்ஸ் டெஸ்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அடித்துப் பிடித்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் சொன்னார்: "உனக்கு ஸ்டியரிங் இருந்தா போதுமே. பெத்தவ எதுக்கு?" துக்கத்தில் சொன்ன வார்த்தைதான். அதை ஊரே மறந்தது. டீச்சர் மட்டும் மறக்கவில்லை. பிறகு அண்ணனாகவே ஒரு முறை போன் செய்தார். டீச்சர் எடுக்கவில்லை.

இத்தனைக்கும் அவர் சாதாரண அண்ணன் இல்லை. பதினாறு வயதில் டீச்சர் அப்பாவின் காரைத் திருட்டுத்தனமாக எடுத்து, கேட்டில் இடித்து, கதவு முழுக்கக் கோடு போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் வாய் கூசாமல் "நான்தான்" என்று சொல்லித் திட்டும் அடியும் வாங்கிக்கொண்டார். இருவரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்கள்.

அன்று இறங்கினால் போதும், லிப்டில் ஏறினால் போதும். டீச்சர் இன்ஜினை அணைத்துவிட்டு மேலே பார்த்தார். ஜன்னல் கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. அந்த வார்த்தைக்கு முதலில் அவர் வருத்தப்படட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அவரே எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாரே என்று இன்னொரு மனசு சொன்னது. கை கதவுப் பிடிவரை போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் வறட்டுப் பிடிவாதம்தான் ஜெயித்தது. நாளைக்கு வரலாம் என்று வண்டியை எடுத்துவிட்டார். அன்று பொழுது சாயும்போது அண்ணன் போய்விட்டார். அண்ணியின் போன் வந்தபோது டீச்சர் இன்னொரு மாணவனை வளைவில் திருப்பிக்கொண்டிருந்தார். கீழேவரை வந்து திரும்பியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இதெல்லாம் மகளுக்கு எப்படித் தெரியும்? அவள் மறுநாளே அந்தக் கம்பத்தைப் போய்ப் பார்த்துவிட்டுக் குதூகலமாக வந்தாள்.

"அம்மா, அந்தப் போர்டை எழுதினவனுக்கு முதல்ல ஃபைன் போடணும்! மேல ஒரு போர்டு எப்பவுமே நிறுத்தக் கூடாதுங்குது. கீழ ஒண்ணு மதியத்துக்கு மேல நிறுத்தலாங்குது. எது எந்தப் பக்கத்துக்குன்னு காட்டுற அம்புக்குறிய மரக்கிளை மூடியிருக்கு. மனு போட்டா கண்ண மூடிக்கிட்டு ஜெயிக்கலாம்."

"கட்டித் தொலைச்சிடலாம், விடு."

"தப்பு பண்ணாம எதுக்குக் கட்டணும்? கதவுல ஒட்டியிருக்கிறத யார் கிழிக்கிறது? நீயே இப்படிப் பேசலாமா?"

மனுவையும் அவளே எழுதிவிட்டாள். 'பலகையில் இருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ள முயன்றதில் நேரமாகிவிட்டது' என்று இருந்தது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. டீச்சர் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். ஊரையே குழப்புகிற போர்டுதான், சந்தேகமில்லை. ஆனால் அன்று அவர் அந்தப் போர்டைப் பார்க்கவே இல்லையே. இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தெருக்காரங்க யாராவது ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா இன்னும் பலம்," என்றாள் மகள். "அத்தைகிட்ட கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறாங்க?"

தட்டிக் கழிக்க டீச்சர் சொன்ன சாக்கெல்லாம் தீர்ந்து போனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். வண்டியைச் சற்றுத் தள்ளி ஒரு கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள். மூன்றாவது மாடியில் ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த கட்டில் இப்போது இல்லை. அங்கே துணி தேய்க்கிற மேசை இருந்தது. ஜன்னல் விளிம்பில் அண்ணனின் மூக்குக் கண்ணாடி மட்டும் இன்னும் அப்படியே இருந்தது. டீச்சர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

மகள் விஷயத்தைச் சொன்னதும் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் போனபிறகு அண்ணி சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

"அந்தப் போர்டா! தாராளமா எழுதித் தரேன். உங்க மாமாவுக்கு அதத் திட்டலேன்னா பொழுது போகாது. கடைசி நாள்கூட அந்தப் பேச்சுதான்." டீச்சரின் பக்கம் திரும்பினார். "நீயா சொல்லுவேன்னு இருந்தேம்மா. அன்னைக்கு நீ வந்தது எங்களுக்குத் தெரியும்."

டீச்சர் வாய்க்குக் கொண்டுபோன டீயைக் கீழே வைத்தார். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தலையணைய ஒசத்தி வெச்சு வெளிய பாத்துக்கிட்டிருந்தாரு. திடீர்னு, 'அவ வந்துட்டா, வண்டி நிக்குது'ன்னாரு. முகத்துல அப்படி ஒரு களை. கொஞ்ச நேரமாச்சு, ஆளக் காணோம். நான் கீழ போய்க் கூட்டிட்டு வரட்டுமான்னேன். 'வேணாம், அவ போர்டைப் படிச்சுக்கிட்டிருக்கா. இடம் சரியில்லேன்னா இறங்க மாட்டா, உனக்குத் தெரியாதா? நீ கதவ மட்டும் திறந்து வை'ன்னாரு. அப்புறம் வண்டி போயிடுச்சு. 'வேற இடம் தேடிப் போயிருக்கா'ன்னு சொன்னாரு. உனக்கு இடமே கிடைக்கல போலிருக்குன்னு நானும் நெனச்சுக்கிட்டேன்."

டீச்சர் எழுந்து, தேய்க்கிற மேசையைச் சுற்றி ஜன்னலருகே போனார். தன் வண்டி நின்ற அதே இடத்தில் யாரோ ஒருவர் காரை நிறுத்தி உள்ளே உட்கார்ந்திருந்தார். முன் கண்ணாடி வழியாக அவர் முகம், கை, மடியில் இருந்த பொட்டலம் எல்லாம் தெரிந்தன. டீச்சர் கம்பத்தைத் தேடினார். கம்பத்தின் அடி மட்டும் தெரிந்தது. மேலே முழுக்க மரக்கிளை. தலையைச் சாய்த்துப் பார்த்தார், குனிந்து பார்த்தார். அந்த ஜன்னலிலிருந்து போர்டு தெரியவே தெரியாது. டிரைவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது நன்றாகத் தெரியும்.

"நான் போர்டைப் பாக்கல அண்ணி," என்றார் டீச்சர். "இந்த ஜன்னலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இறங்க மனசு வரல. அண்ணன் அதப் பாத்திருக்காரு."

அண்ணி பக்கத்தில் வந்து நின்று கீழே பார்த்தார். கிளையைப் பார்த்தார், காருக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது.

"சாகப் போற நேரத்துலயும், கட்டின என்கிட்டகூட உன்ன விட்டுக்கொடுக்கல பாரு," என்றார்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் போன அன்று வராத அழுகை அது. மகள் கையிலிருந்த மனுவை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"அப்ப... இது வேணாமாம்மா?"

"கட்டிடு. எனக்காக அவர் சொன்ன பொய் அது. அதையே நானும் எழுதிக் கொடுத்து ஜெயிக்கணுமா?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கதவுல இருக்கிறத நானே கிழிச்சுடுறேன்."

கிளம்பும்போது டீச்சர் வாசற்படியில் நின்றார். செருப்பை மாட்டிய கால் நகரவில்லை. கேட்காமல் போய்விடலாம்தான், ஆனால் முடியவில்லை.

"கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சு அண்ணி?"

அண்ணி கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைசிவரைக்கும் என்னைச் சாத்த விடலம்மா."