அடைத்து வைத்த புல்

நான் பி.ஏ. இங்கிலீஷ். எங்கள் தெருவில் அந்தப் படிப்புக்கு இருந்த ஒரே பயன், யார் வீட்டுக்காவது துபாயிலிருந்து விசா பேப்பர் வந்தால் படித்துச் சொல்வதுதான். 2005இல் இன்னொரு பயன் வந்தது. முந்தின வருஷக் கடைசியில் கடல் உள்ளே வந்துவிட்டுப் போனதில் எங்கள் மரக்காணத்து உப்பளக் கரைகள் பல இடங்களில் உடைந்து கிடந்தன. அவற்றை எடுத்துக் கட்ட வந்த ஒரு குழுவுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது. என் கணவரின் அம்மா, மாமி, யோசித்தார். மாமா மட்டும், "படிச்ச படிப்பு பாழாவுதே, போவட்டும்" என்றார். போனேன்.

குழுவில் மண்கரை போடுகிற இன்ஜினியர் ஒரு ஸ்காட்லாந்துக்காரி. என் வயதுதான் இருக்கும். இடையஞ்சாவடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். காலையில் ஜீப்பில் வந்து வாசலில் ஹார்ன் அடிப்பாள். முதல் நாள் அவள் பேசிய இங்கிலீஷில் எனக்கு ஒரு வரி விளங்கவில்லை. மாவு மில் ஓடுவதுபோல் அப்படி ஒரு ரகரம். மூன்று வருஷம் கல்லூரியில் எதைத்தான் படித்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போகப்போகப் பழகியது.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் கணவரின் அத்தா, அதாவது தகப்பனார். உப்பளக்காரர்களுக்குச் சாக்கும் கயிறும் விற்கிற கடை வைத்திருந்தார். பேச்சு குறைவு. என் கணவர் துபாயில் வேலை பார்த்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பத்து பத்தரைக்குப் போன் வரும். அவருக்கு அன்று லீவு. முதலில் மாமிதான் எடுப்பார். ஊர்க்கதை முழுக்கச் சொல்வார். பிறகு நான். கடைசியில் மாமா ரிசீவரை வாங்கி, "சாப்பிட்டியா?" என்று கேட்பார். அந்தப் பக்கம் பதில் வந்ததும் "சரி" என்று வைத்துவிடுவார். வருஷக்கணக்காக இதே பேச்சுதான். கஞ்சனுக்குக்கூட இவ்வளவு கைச்சுருக்கம் வராது என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்த வருஷம் ஆடி மாதம் மாமா கடையிலேயே விழுந்துவிட்டார். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரியும். பதிலுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்கட்டில் காற்று வருகிற இடமாகப் பார்த்துக் கட்டிலைப் போட்டோம்.

அன்று ராத்திரியே மாமி முடிவெடுத்துவிட்டார். மகனுக்குச் சொல்லக் கூடாது. இது மாமி கண்டுபிடித்ததல்ல, எங்கள் தெருவின் சட்டம். சபுராளிக்கு, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவனுக்கு, கெட்ட சேதி போகக் கூடாது. அங்கே தனியாக இருக்கிற மனுஷன், வர முடியாமல் தவிப்பான், சரியாகச் சாப்பிட மாட்டான். லீவில் வரும்போது நேரில் பார்த்துக்கொள்ளட்டும். இந்தச் சட்டத்தால், இறந்துபோன அக்காவுக்குச் சேலை வாங்கிக்கொண்டு ஏர்போர்ட்டில் வந்து இறங்கியவர் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனாலும் யாரும் சட்டத்தை மாற்றவில்லை. என் கணவருக்கு அடுத்த லீவு மறு வருஷம் கோடையில்தான்.

ஆக, வெள்ளிக்கிழமை போன் வந்தால், "அத்தா ஜும்ஆ தொழுகைக்குச் சீக்கிரமாவே பள்ளிவாசலுக்குப் போயிட்டாரு" என்று மாமி சொல்வார். வயசானவர், முதல் வரிசையில் உட்கார ஆசைப்படுகிறார் என்று நான் ஒத்து ஊதுவேன். வாரா வாரம் இது நடந்தது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமில்லாமல், காலை பத்தரைக்குப் போன் வந்தது. மாமி பதறிப்போய் எடுத்தார். அத்தா எங்கே என்று மகன் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்த பொய்யை மாமி செவ்வாய்க்கிழமைக்கு எடுத்து வீசிவிட்டார். "பள்ளிக்குப் போயிருக்காருப்பா." செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு ஊரில் எந்தப் பள்ளியிலும் ஜமாஅத் தொழுகை கிடையாது. விடியற்காலை சுபுஹு முடிந்து எத்தனையோ நேரம். மதிய லுஹருக்கு இன்னும் எவ்வளவோ நேரம். ரிசீவரை வைத்த பிறகுதான் மாமிக்கு உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் என் கணவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போன் செய்தபோது எல்லாரும் சுகம்தானே என்று விசாரித்ததோடு சரி. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். அத்தாவைக் கூப்பிடு என்று சொல்வதையே விட்டுவிட்டார். மாமி அல்லாஹ் காப்பாற்றினான் என்றார். எனக்கோ கோபம் வந்தது. பொய் சொன்னது நாங்கள். அதை அவர் நம்பினால் கோபப்படுவதும் நானா என்று கேட்டால், ஆமாம். பெற்ற தகப்பன் குரலைக் கேட்காமல் ஒரு மனுஷனால் வாரக்கணக்கில் இருக்க முடியுமா?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. உப்புக் காற்றுக்கு அதில் வேறெதுவும் வராது. முதல் மழை பெய்தால் புல் மட்டும் வரும். புல் தலைகாட்டியதும் மாமா வேலிகாத்தான் முள்ளை வெட்டி வந்து சுற்றிலும் அடைத்துவிடுவார். ஊர் ஆடு எதுவும் உள்ளே வாய் வைக்கக் கூடாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுத்துக் குர்பானி கொடுக்க வாங்கிக் கட்டியிருக்கும் ஆட்டுக்கு அந்தப் புல். கடைசி நாட்களில் அது நல்ல மேய்ச்சல் மேய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த வருஷம் அடைக்க ஆளில்லை. ஒருநாள் காலை, கட்டிலில் இருந்தபடி மாமா இடது கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம். போர்வை? அதுவும் வேண்டாம். திரும்பிப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆடுகள் உள்ளே நிற்கின்றன.

அன்று ஸ்காட்லாந்துக்காரி ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கமே வந்துவிட்டாள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையெல்லாம் கீறல் வாங்கி, முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறாய் என்றாள். சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. இதற்கு எங்கள் ஊரில் ஒரு சொல் இருக்கிறது, என் அம்மாவைத் தவிர யாரும் சொல்லி நான் கேட்டதில்லை என்றாள். ஹெயின். பிறகு கரை வேலையை மறந்துவிட்டு என்னோடு சேர்ந்து முள் இழுத்தாள்.

அந்தச் சொல்லின் கதையை அதன் பிறகு ஜீப்பில் போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஆயிரம் வருஷத்துக்கு முன் வடக்கிலிருந்து படகில் வந்து அவர்கள் கரையில் இறங்கியவர்களின் சொல்லாம் அது. வேலி போட்டுக் காப்பது என்று பொருள். இங்கிலாந்தில் சில பக்கங்களில், மாடு நுழையாமல் மேய்ச்சல் நிலத்தை அடைத்துப் புல்லை வளரவிடுவதற்கு மட்டும் அதைச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் அந்தச் சொல் வேலியைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சிக்கனம் பிடித்தால் ஹெயின். நல்ல கோப்பையை விருந்தாளிக்கென்று அலமாரியில் வைத்தால் ஹெயின். கால் வலிக்கிறதே என்று ஒருவர் நடையைக் குறைத்துக்கொண்டால், அவர் தம்மையே ஹெயின் செய்கிறார். வயதானாலும் கட்டுக் குலையாமல் இருப்பவரை நன்றாக ஹெயின் செய்யப்பட்டவர் என்பார்களாம். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் இதே ஓசையில் வேறொரு சொல்லும் உண்டு, அதற்கு உசத்துவது என்று அர்த்தம், கரையை உசத்தினாலும் ஹெயின்தான், அந்தக் கணக்கில் நாம் செய்கிற வேலையே அதுதான் என்று சொல்லி அவளே சிரித்தாள்.

நான் தமிழில் தேடினேன். சேமிப்பது என்றால் கோப்பைக்கு ஒத்துவரவில்லை. ஒதுக்கி வைப்பது என்றால் சண்டைபோல இருக்கிறது. காபந்து பண்ணுவது கொஞ்சம் கிட்டே வந்தது. மாமி கேட்டுவிட்டு, எங்கள் வீட்டுப் பீங்கான் தட்டெல்லாம் அப்படியானால் ஹெயின்தான், நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் ஒருத்தரும் சாப்பிட்டதில்லை என்றார். ஸ்காட்லாந்துக்காரி மாமாவைக் காட்டி, இவர் நன்றாக ஹெயின் செய்யப்பட்ட மனிதர் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். மாமாவின் வாயில் ஒரு பாதி சிரித்தது.

இன்னோர் அர்த்தம் இருந்தது. அதை அவள் உடனே சொல்லவில்லை. நாங்கள் மகனுக்கு மறைத்து வைத்திருக்கும் விஷயத்தை ஒருநாள் கழுவெளி ஏரிப் பக்கம் போகும்போது அவளிடம் சொன்னேன். அவள் ஜீப்பின் வேகத்தைக் குறைத்தாள். பிறகு, ஒருவரை வலியிலிருந்து தப்பிக்க வைப்பதற்கும் அந்தச் சொல்தான் என்றாள். ஆப்பிரிக்காவில் அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அப்பாவுக்கு முடியாமல் போனதாம். அம்மா சொல்லவில்லை. இவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் புல்லே முளைத்துவிட்டது. உன் அம்மா மேல் கோபம் வந்ததா என்று கேட்டேன். வந்தது, இப்போதும் இருக்கிறது என்றாள். ஆனால் அம்மாவின் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். எனக்கு அவள் ஒரு யோசனையும் சொல்லவில்லை. அதனாலேயே அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

மார்கழியில் அவள் ஊருக்குக் கிளம்பினாள். போகிற அன்று வீட்டுக்கு வந்தபோது மாமா மறுபடி கையைக் காட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எனக்கு உடனே புரிந்தது, திறக்கச் சொல்கிறார். பெருநாளுக்கு நாள் நெருங்கிவிட்டது. இரண்டு பேருமாக ஒரு பக்கத்து முள்ளை விலக்கி, மாமி குர்பானிக்கு வாங்கிக் கட்டியிருந்த ஆட்டை உள்ளே விட்டோம். முழங்கால் உயரப் புல். ஆடு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் திகைத்து நின்றது. மாமா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடைப்பதற்குச் சொல் இருக்கிறதே, இப்படித் திறந்துவிடுவதற்கு உங்கள் ஊரில் என்ன சொல் என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

பெருநாள் காலையில் போன் வந்தது. அங்கே முந்தின நாளே பெருநாள் முடிந்துவிட்டது. மாமி எடுத்து ஸலாம் சொல்லி, வாழ்த்துச் சொல்லி, பிறகு கேட்காமலேயே, "அத்தா பெருநாள் தொழுகைக்குப் போயிட்டு இன்னும்..." என்று ஆரம்பித்தார். நான் போய் அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கினேன். அதுவரை மாமி கையிலிருந்து நான் எதையும் அப்படிப் பிடுங்கியதில்லை.

"மாமா வீட்லதான் இருக்காருங்க. ஆடியிலேருந்து படுக்கைதான். பேச்சு வராது. புரிஞ்சுக்குவாரு, பேச மாட்டாரு."

மாமி ரிசீவரைத் திரும்பப் பிடுங்கக் கை நீட்டினார்.

"தெரியும்" என்றார் என் கணவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமையே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த வாரமே மரக்காணத்திலிருந்து வந்த ஒருவரைப் பிடித்து விசாரித்து எல்லாம் தெரிந்துகொண்டார். அப்புறம் ஏன் கேட்கவில்லை என்றேன். அவர் குரல் உடைந்தது. "எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா அம்மா ஒடஞ்சி போயிடுவாங்க. நான் நிம்மதியா இருக்கேன்னு நெனச்சித்தானே அவங்க நிம்மதியா இருந்தாங்க." நாங்கள் அவரைச் சுற்றி முள் அடைத்தோம், அவர் எங்களைச் சுற்றி அடைத்திருக்கிறார். இத்தனை மாதமும் அந்த மனுஷனைக் கல்நெஞ்சன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நான் அழுதபடியே ரிசீவரை மாமியின் காதில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு என்ன தொழுகைம்மா என்று மகன் கேட்டிருப்பார் போலிருக்கிறது. மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், உடனே அழுதார், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

மறுபடி என்னிடம் வந்ததும், "அத்தா காதுல வை" என்றார்.

போன் முன்ஹாலில், சுவர் ஓரமாக. வயர் நீளாது. மாமா பின்கட்டில். அவரைத் தூக்க எங்களால் ஆகாது. இருங்க, வச்சிடாதீங்க என்று சொல்லிவிட்டு, ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். மாமி தலைமாட்டைப் பிடிக்க, நான் கால்மாட்டைப் பிடிக்க, மாமாவோடு கட்டிலை இழுத்தோம். அது தரையைக் கீறிக்கொண்டு, நிலைப்படியில் முட்டி, கூடத்தைத் தாண்டி வந்தது. மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

ரிசீவரை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். என் காதும் கிட்டத்தில்தான் இருந்தது. "அத்தா" என்று கேட்டது. மாமாவின் கண் என் முகத்துக்கு வந்து நின்றது. "அத்தா, நான்தான்." மாமாவின் தொண்டை ஏறி இறங்கியது. உதடு ஒரு பக்கமாக இழுத்தது. ஒரு சத்தம் வந்தது. அதில் எழுத்து எதுவும் இல்லை. தினமும் பக்கத்தில் இருக்கிற எனக்கே அது என்னவென்று தெரியவில்லை.

துபாயிலிருந்து உடனே பதில் வந்தது.

"சாப்பிட்டேன்த்தா."