தட்சுயே அக்காவின் தலைக்கணக்கு

எங்கள் தீவில் தபால் கொடுக்கும் தட்சுயே அக்கா, இணையக் கலைக்களஞ்சியத்தில் தீவின் மக்கள்தொகையை 151 என்று எழுதினார். ‘ஆந்தை’ என்ற பெயரில் எழுதும் யாரோ ஒருவர், ஆதாரம் இல்லையென்று மூன்று முறை நீக்கிவிட்டார். மறுபடி மாற்றினால் அக்கா எழுதவே தடை வரும்.

“ஆதாரமா? நான்தான்டா ஆதாரம்! எல்லார் பேரும் சொல்லட்டுமா?”

“அக்கா, படிக்க ஹிரோஷிமா போன எட்டுப் பேரையும் சேத்துட்டீங்க” என்றேன்.

“லீவுக்கு வருவாங்கல்ல?” என்றவரின் குரல் இறங்கிவிட்டது.

ஊராட்சியின் மாத இதழில், கடைசிப் பக்கத்தில் 143 என்று இருந்தது. அக்கா மனமில்லாமல் அதையே ஆதாரத்தோடு எழுதினார். ஆந்தை நன்றி சொன்னார்.

அடுத்த மாதம் பார்த்தால் 144. புதிய இதழைக் காட்டி ஆந்தையே மாற்றி, குறிப்பும் எழுதியிருந்தார்: “குழந்தையா? வாழ்த்துகள்!”

“நம்ம இசோபே வீட்டுப் பாப்பாடா!” அந்த வாழ்த்தை அவர்களிடம் சொல்ல அக்கா சைக்கிளை எடுத்தார்.