சர்வரம்மாவின் ஞாயிற்றுக்கிழமை

அந்த மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர்கள் வரை எல்லாருக்கும் அவள் சர்வரம்மாதான். ஒருமுறை அவளுடைய மாமியார், "மருமக ஆஸ்பத்திரியில சர்வரைப் பாத்துக்கறா" என்று பெருமையடிக்கப்போக, பக்கத்து வீட்டுக்காரி, "ஏன், அங்க கேன்டீன்ல அவ்வளவு ஆள் தட்டுப்பாடா?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் கதையை மருமகளே வயிறு வலிக்கச் சிரித்தபடி எல்லாரிடமும் சொல்லித் திரிந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர்.

பதினோரு வருடங்களாக, சர்வர் என்கிற அந்தக் கம்ப்யூட்டர் எந்திரத்தில் வேறு யார் கையும் பட்டதில்லை. முன்பு போர்வைகள் அடுக்கிவைத்திருந்த ஜன்னலில்லாத அறையில், ஏசி ஓயாமல் உறும, இரும்புச் சட்டத்தில் அது உட்கார்ந்திருந்தது. இரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாம் அதற்குள்தான். உள்ளிருந்த விசிறிகளில் ஒன்று ஒரு மாதமாக முனகிக்கொண்டிருந்தது. அதை மாற்ற ஞாயிறு காலை எட்டு முதல் பத்து மணிவரை அனுமதி வாங்கியிருந்தாள்.

எட்டு மணிக்கு அணைத்தாள். ஒவ்வொரு வயரிலும் நம்பர் எழுதி ஒட்டிவிட்டுக் கழற்றினாள். மூடியைத் திறந்தால், பழைய கம்பளி மாதிரி தூசி படிந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தாள். விசிறியை மாற்றினாள். மெமரி பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, இரண்டு பக்கமும் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்திச் செருகினாள். ஒன்பதரைக்கு மூடியைப் போட்டு, வயர்களைச் செருகி, பொத்தானை அழுத்தினாள்.

விசிறிகள் ஓவென்று இரைந்தன. பச்சையாக எரிய வேண்டிய விளக்கு மஞ்சளாகச் சிமிட்டியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"சரி, கோவிச்சுக்காத" என்று சொல்லிக்கொண்டே மறுபடி பிரித்தாள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு மெமரி பட்டையோடு போட்டுப் பார்த்தாள். அதை மாற்றி வேறொன்று. பழைய விசிறியையே திரும்ப வைத்துப் பார்த்தாள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

பத்தேகாலுக்கு ஸ்கேன் டெக்னீஷியன் வாசலில் வந்து நின்றார். கூடவே கட்டம் போட்ட சட்டையில் ஒருவர், காலில் செருப்பில்லாமல்.

"சர்வரம்மா, ஒரு எமர்ஜென்சி. இவரோட வீட்டுக்காரம்மா. மூளையில ஒரு புள்ளி தெரியுது. போன வருஷம் எடுத்த படத்துலயும் அது இருந்துச்சான்னு டாக்டருக்குத் தெரியணும். பழசுன்னா மருந்தோட போயிடும். புதுசுன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"வீட்டுல அந்தப் படம் இருக்குங்களா?" என்று அவள் அந்த மனிதரிடம் கேட்டாள்.

"சிடி குடுத்தாங்கம்மா. வீடு மாத்தும்போது எங்க போச்சோ... இதுக்குள்ள இருக்கில்ல?"

"இருக்கு."

இருக்கத்தான் இருந்தது. தனியாக ஒரு பெட்டியில் நகல்கூட இருந்தது. அந்த நகலைத் திறந்து பார்க்க இன்னொரு எந்திரம்தான் இல்லை. அதைக் கேட்டு ஆபீசுக்கு மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

கம்பெனி உதவி எண்ணைக் கூப்பிட்டாள். பேசியவன் மிகவும் மரியாதையாகப் பேசினான். அவள் செய்து முடித்த எல்லாவற்றையும் வரிசையாகச் செய்யச் சொன்னான். பிறகு, "நாளை மறுநாள் ஆள் வருவாங்க மேடம்" என்றான்.

அந்த மனிதர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திருப்புளியைக் கையிலெடுக்கும்போதெல்லாம் லேசாக எழுந்தார். மஞ்சள் சிமிட்டியதும் உட்கார்ந்தார். மூன்றாவது தடவைக்குப் பிறகு, "என் கையால ஏதாவது புடிக்கணுமாம்மா?" என்று கேட்டார்.

அவள் டார்ச்சை அவரிடம் கொடுத்தாள். அது தேவைப்படவில்லை. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு டாக்டர் வந்தார். "சர்வரம்மா, உத்தேசமா எப்போ வரும்?"

"தெரியல டாக்டர்."

இத்தனை வருடத்தில் அவள் சொல்லாத வார்த்தை அது. 'அஞ்சு நிமிஷம்' என்பாள், 'இதோ ஆச்சு' என்பாள். இன்று அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை.

"அப்ப அனுப்பிடறேன். இதுக்கு மேல வச்சிருந்தா தப்பு" என்றார் டாக்டர்.

ஆம்புலன்ஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. டார்ச் நாற்காலியில் எரிந்தபடி கிடந்தது. அவள் வயர்களையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கால்மணி நேரம் இருக்கும். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், எல்லாவற்றையும் அப்படியே திரும்பச் செருகிப் பொத்தானை அழுத்தினாள்.

மஞ்சள் சிமிட்டியது. நின்றது. பச்சை எரிந்தது. திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடின.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கை மட்டும் தானாக வேலை செய்தது. டெக்னீஷியனைக் கூப்பிட்டுக்கொண்டு ஸ்கேன் அறைக்கு ஓடினாள். போன வருடத்துப் படத்தில் அதே இடத்தில், அதே அளவில் அந்தப் புள்ளி இருந்தது. டெக்னீஷியன் அதைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுப் போனையும் போட்டார். வண்டி அப்போது பாதி வழிகூடப் போயிருக்கவில்லை.

புதன்கிழமை அந்த மனிதர் மனைவியோடு வந்தார். இந்த முறை காலில் செருப்பிருந்தது.

"நீங்க அனுப்புன படத்தைப் பாத்துட்டுத்தான் தலையில கத்தி வைக்க வேணாம்னுட்டாங்க. இந்தம்மாதான்டி, அன்னிக்கு அவ்வளவு பாடுபட்டாங்க!"

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 'நான் ஒண்ணும் பண்ணல' என்று சர்வரம்மா சொன்னதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆபீசுக்குக் கொடுத்த தாளில், பழுதுக்கான காரணம் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள். மாலையில் மேனேஜர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"இப்படி எழுதினா எப்படிம்மா? ஏதாவது ஒரு காரணம் இருக்கணும்ல?"

"இருக்கும் சார். எனக்குத்தான் தெரியல."

"அப்ப மறுபடியும் இப்படி ஆகாதுன்னு என்ன நிச்சயம்?"

அவள் பச்சை விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.